பாட்டோடு போக வேண்டிய பெயர்கள்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்றைச் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 138 மெகாபைட் இடம் பிடிக்கும். அந்தப் பாட்டு எந்தப் படத்தில் வந்தது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர்கள் யார், எந்த ஆண்டு என்ற விவரம் அத்தனையையும் தமிழில் எழுதி அதே கோப்புக்குள் வைத்தாலும் 500 பைட்டைத் தாண்டுவது அரிது. வீட்டில் இசைக் கோப்புகள் சேர்ப்பவர்களின் உழைப்பும் செலவும் பேச்சும் பெரும்பாலும் முதல் எண்ணையே சுற்றிவருகின்றன. 96 போதுமா, 192 வேண்டுமா, எந்த ஹெட்போன், எந்த டிஏசி என்று இரவு முழுக்க விவாதிப்பார்கள். இரண்டாவது வேலை, அதாவது டேக் போடுவது, சலிப்போடு கடைசியில் செய்யப்படுகிறது. பல வீடுகளில் செய்யப்படுவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை முதலில் காப்பாற்ற வேண்டியது அந்த 500 பைட். பிழைக்க வந்த ஊரிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்படும் குடும்பங்களுக்கு அது இன்னும் அவசரம்.

அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பு அது. நாலாவைத் தூர்வாரி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி இடிப்பு நடந்தது. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 370 வீடுகளில் பாதிக்குச் சற்று மேலானவர்களுக்கே, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் அடுக்குமாடி வீடு பெறும் தகுதி உண்டு என்று தீர்மானிக்கப்பட்டது. தகுதியை முடிவு செய்தவை காகிதங்கள்: குறிப்பிட்ட தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்டும் வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு போன்றவை. நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவரானாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இருப்பு. இந்த அநியாயத்தைப் பாட்டோடு ஒப்பிட்டு அதன் கனத்தைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. இடிப்பு ஆணையில் வீடுகளுக்கு எண் இருந்தது, வீட்டுக்குள் இருந்தவற்றுக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன். பாட்டுகளும் அந்த எண்ணில்லாத பொருள்களில் ஒன்று.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போன தலைமுறையின் பாட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது சிடியில் இல்லை. ஆடியோஃபைல் கடை விற்கும் 24 பிட் கோப்பிலும் இல்லை. பெரும்பகுதி கேசட், அதற்கடுத்து மெமரி கார்டு. கேசட்டிலும் கம்பெனி வெளியிட்டது பாதி என்றால், மீதி ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது. ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தன்னிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து 60 அல்லது 90 நிமிடக் காலி கேசட்டில் பதிந்து தருவார். அந்தக் கேசட்டின் அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஏ, பி என்று இரண்டு பத்தி, பத்திக்குப் பத்துப் பன்னிரண்டு கோடு. நீலப் பேனாவில் பாட்டின் முதல் இரண்டு மூன்று சொற்கள், பக்கத்தில் படத்தின் பெயர்; இடமிருந்தால் டி.எம்.எஸ்., சுசீலா என்று ஒரு குறிப்பு. கடைசிப் பாட்டுக்கு எதிரே ‘பாதி’ என்று எழுதியிருக்கும், ஏனென்றால் நாடா அங்கே தீர்ந்துபோனது. பாட்டைத் தேர்ந்தவரின் ரசனை, கடையின் சரக்கு, நாடாவின் நீளம் மூன்றும் அந்த ஒரு அட்டையில் பதிவாகிவிடுகின்றன. இந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றுபவர் என்ன செய்கிறார்? நாடாவை ஓட்டி, பக்கத்துக்கு ஒரு நீளமான கோப்பாகப் பதிந்து, ‘சைட் ஏ’ என்று பெயரிட்டுவிட்டு, அட்டையை டப்பாவோடு குப்பையில் போடுகிறார். மெமரி கார்டின் கதை இதைவிட மோசம். மொபைல் கடையில் ஏற்றிக்கொண்ட பாட்டுகளில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஏதோ ஒரு திருட்டுத் தளத்தின் முகவரி உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸப்பில் வந்தவையோ ஏயுடி என்று தொடங்கி, தேதியும் வரிசை எண்ணுமாக முடிகிற பெயர் தாங்கியவை. ஆயிரம் பாட்டு இருக்கும். தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் கிடைக்காது.

இதற்கு மக்களின் அக்கறையின்மையை மட்டும் குறை சொல்ல முடியாது. எம்பி3 கோப்புக்குள் விவரம் எழுதுவதற்காக 1996இல் வந்த ஐடி3 என்ற முறையின் முதல் வடிவத்தைப் பாருங்கள். கோப்பின் கடைசி 128 பைட்தான் அதன் இடம். அதில் பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. பாடலாசிரியருக்கு இடமே இல்லை, இசையமைப்பாளருக்கும் இல்லை. ஒருவரே எழுதி, மெட்டமைத்து, பாடுகிற ராக் இசையை மனத்தில் வைத்துச் செய்த கட்டங்கள் அவை. மூவரின் வேலையை மூவருடையதாகவே மதிக்கும் திரைப்பாட்டுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. இசை வகையின் ஆரம்பப் பட்டியலில் 80 வகைகள் இருந்தன. போல்கா நடனத்துக்குத் தனி எண் உண்டு. கர்நாடக இசைக்குக் கிடையாது. இனி தமிழ் எழுத்தைக் கவனியுங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். 30 பைட் கட்டத்தில் 10 குறியீடுகள். ‘இளையராஜா’ 24 பைட்டில் அடங்கிவிடுகிறார், ‘கண்ணதாசன்’ 27இல் மயிரிழையில் தப்புகிறார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை அங்கே எழுதப் போனால் ‘பட்டுக்கோட’ என்பதோடு கத்தரி விழும். பின்னால் வந்த ஐடி3 வடிவங்களும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளில் உள்ள முறையும் இந்தக் குறைகளையெல்லாம் நீக்கிவிட்டன. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தனிக் கட்டம் உண்டு, நீளத்துக்கு நடைமுறையில் எல்லை இல்லை. பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றும் பல செயலிகளின் முகப்பில் ‘கலைஞர்’ என்று ஒரே வரிதான். அதில் இசையமைப்பாளரோ பாடகரோ யாரோ ஒருவர் நிற்கிறார், எழுதியவர் எங்கோ உள்ளே புதைந்திருக்கிறார்.

நம்மிடம் இதைவிட நல்ல மரபு இருந்தது. பரிபாடலின் பெரும்பாலான பாட்டுகளுக்குக் கீழே பழைய குறிப்பு ஒன்று வரும்: பாடியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது. புலவரின் பெயரும் இசையமைத்தவரின் பெயரும் தனித்தனியே. கண்ணனாகனார், பெட்டனாகனார் என்ற இசையறிஞர்களின் பெயர்கள் அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணும் தெரிகிறது. அந்தக் கால இசைத் தமிழின் 128 பைட் அது, 1996இன் கட்டங்களைவிட நேர்மையானது. இருபதாம் நூற்றாண்டில் இதே வேலையை இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் வாயால் செய்தார்கள். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது போன்றவர்களின் குரலில் படம், கவிஞர், இசை, பாடியவர் என்று பெயர்கள் வந்த பிறகுதான் பாட்டு வரும். பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட எந்தப் பாட்டு மருதகாசி எழுதியது, எது கு.மா.பாலசுப்ரமணியம் எழுதியது என்று சொன்னது அந்தப் பயிற்சியில்தான். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் அதற்குத் துணை. பெயர் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தித் திரையிசையில் ஒரு சான்று. 1949இல் வெளிவந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டில் வந்தபோது, பாடியவர் பெயராகக் கதாபாத்திரத்தின் பெயரான ‘காமினி’ அச்சிடப்பட்டது. பாடியது லதா மங்கேஷ்கர். நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்ட பிறகே பெயர் வெளியே வந்தது. பெயர் என்பது புகழ் மட்டுமல்ல, கூலியும்கூட. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு. யார் எழுதியது என்ற பதிவு குழம்பினால் அந்தப் பணம் யாருக்குப் போகும்?

இங்கே ஒருவர் மறிக்கலாம், மறிக்கவும் வேண்டும். பரிபாடலில் பெயர் மிஞ்சியது சரி, பாட்டின் இசை எங்கே? எழுபது என்று சொல்லப்படும் பாடல்களில் 22 முழுமையாகக் கிடைத்தன. ஒன்றின் மெட்டும் நமக்குத் தெரியாது. பெட்டனாகனாரின் பெயருக்குப் பதிலாக அவர் அமைத்த இசையில் அரை நிமிடம் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்? நியாயமான கேள்வி. ஒலி முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒலியை எந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பு தெரிகிறது, பெயருக்கு அந்த வரம்பை நாம் இன்னும் எட்டவே இல்லை என்பதுதான் வேறுபாடு. சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்குப் போதுமா என்று 2007இல் மேயரும் மோரனும் சோதித்தார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து 554 முறை நடத்திய சோதனையில் சரியான விடை 49.8 விழுக்காடு. நாணயம் சுண்டினாலும் அதே விடைதான். 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 விழுக்காடு வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்குச் சிறு வேறுபாடு தெரிகிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம், நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது ஐம்பதுகளின் இசைத்தட்டைப் பற்றியும் ரெக்கார்டிங் சென்டர் கேசட்டைப் பற்றியும். இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கும், அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும் போன பாட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நாடாவின் இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும். அதை 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் இரைச்சலுக்குத்தான் உயர்தரம்.

இருந்தாலும் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் நாடாவுக்கு நான் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸையே சொல்வேன். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசாவின் வழிகாட்டி அனலாக் பதிவுகளுக்குக் குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் கேட்கிறது; காப்பகங்களில் பரவலாக வழங்குவது 96. காரணம் காதில் இல்லை. பதியும்போது அளவைச் சற்றுக் குறைத்து வைத்தாலும் விவரம் போகாது. கீறல் சத்தத்தைப் பின்னால் நீக்கும் மென்பொருளுக்கு அகலமான பதிவு உதவும். நாடாவை இரண்டாம் முறை ஓட்ட முடியாமல் போகலாம். கடையில் வாங்கிய சிடிக்கு இதெல்லாம் தேவையில்லை. 16 பிட்டிலேயே பிழையில்லாமல் எடுத்து ஃப்ளாக்கில் வைத்தால் ஒரு பிட்கூடக் குறையாது. அதை 96க்கு ஏற்றிச் சேமிப்பது இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பொய்க் கணக்கு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: டூ-இன்-ஒன்னின் ஹெட்டைத் துடைத்துச் சரியான கோணத்தில் வைப்பது, எந்த 192ஐயும்விட ஒலியை அதிகம் மேம்படுத்தும்.

அடுத்த ஆட்சேபம் ஸ்ட்ரீமிங். எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது எதற்கு இந்த உழைப்பு? எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை என்பது முதல் பதில். கேசட் வந்ததும் ஹெச்எம்வியின் ஏகபோகம் உடைந்து, மூலைமுடுக்கெல்லாம் சிறு நிறுவனங்கள் முளைத்ததை பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியாவை வைத்து விரிவாக எழுதினார். தெற்கிலும் அதுதான் நடந்தது. தெருக்கூத்து, ஊர் அம்மன் பாட்டு, ஒப்பாரி என்று அந்த நிறுவனங்கள் போட்ட கேசட்டுகளில் எத்தனையோ எந்தச் செயலிக்கும் போய்ச் சேரவில்லை. கிடைப்பதும் நிலையில்லை. 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ செயலி இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டில் விங்க் மியூசிக்கும் போயிற்று. அவற்றில் வருடக்கணக்காகச் சேர்த்த பட்டியல்களின் கதி என்ன? விவரத்தை மட்டும் இணையத்தில் வைத்திருந்தாலும் இதே ஆபத்து உண்டு. சிடியைக் கணினியில் போட்டதும் பாட்டுகளின் பெயர்களைக் காட்டிய சிடிடிபி, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தட்டச்சு செய்து கொடுத்த தகவலால் வளர்ந்தது. பிறகு அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமாகி, 2008இல் சோனியின் கைக்குப் போயிற்று. அதற்கு மாற்றாக எழுந்த ஃப்ரீடிபி 2020இல் நின்றது. மியூசிக்பிரெயின்ஸ் இன்று திறந்த உரிமத்தோடு நன்றாக நடக்கிறது. தமிழ் விவரங்களை அங்கே சேர்ப்பது நல்ல பணி. ஆனாலும் பெயர் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பாட்டு எந்தக் கருவிக்குப் போனாலும், இணையம் இல்லாத அறைக்குப் போனாலும், பெயர் அதோடு போக வேண்டும்.

சொந்தக் கேசட்டை, சொந்தச் சிடியைத் தன் உபயோகத்துக்குக் கணினிக்கு மாற்றிக்கொள்வதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு விட்டிருக்கும் இடம் துணை நிற்கிறது என்பதே என் வாசிப்பு. பகிர்ந்து விற்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இன்னொன்று. கூரையே போனவர்களிடம் டேக் பற்றிப் பேசலாமா? நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வீட்டு வேலைக்கு வர இரண்டு மூன்று வண்டி மாற வேண்டிய பெண்ணுக்கு எது முதல் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: வீடு, பள்ளி, பஸ், வேலை. இவற்றுக்குப் பிறகுதான் பாட்டு. ஆனால் ‘பிறகு’ என்பதை ‘வேண்டாம்’ என்று மாற்றி வாசிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஆவணக் காப்பகம் என்பது பணக்காரக் குடும்பத்தின் இசைத்தட்டுகளுக்கும் சபா கச்சேரிகளுக்கும் உரியது, கூலிக் குடும்பத்துக்குக் கேட்டு மறக்கும் உரிமை மட்டுமே போதும் என்று நினைப்பதை நான் ஏற்க மாட்டேன். நடைமுறையிலும் பாருங்கள். புல்டோசர் வருகிற அன்று பீரோவைத் தூக்க நேரமிருக்காது; போன் இடுப்பில் இருக்கும். 128 ஜிபி கார்டு ஒன்றில் சிடி தரத்து ஃப்ளாக் பாட்டுகள் நாலாயிரம் வரை அடங்கும். இவ்வளவு குறைந்த செலவில் ஒரு குடும்பம் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய சொத்து வேறு அதிகம் இல்லை.

எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் எனக்கு இன்னும் கவலை இருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றான லோதி எஸ்டேட் பள்ளி மதராசி கேம்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே தமிழ் படித்தார்கள். நரேலாவில் அப்படியொரு பள்ளி இல்லை. பத்து வருடம் கழித்துத் தமிழைச் சரளமாக வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்குப் பயன்படும் வகையில் டேக் போடுவது எப்படி? ரோமன் எழுத்திலேயே போட்டுவிடலாமே என்பார்கள். என் பதில் இரண்டும் வேண்டும், ஆனால் மூலம் தமிழாக இருக்க வேண்டும் என்பது. தமிழில் உள்ளதை ரோமனுக்கு மாற்ற ஒரு சிறு நிரல் போதும், நொடியில் முடியும். எதிர்த்திசையில் அது நடக்காது. ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ந, ன, ண மூன்றும் வழக்கமான ரோமன் எழுத்தில் கலந்துவிடுகின்றன. கலந்ததைப் பிரிக்கப் பாட்டு தெரிந்த ஆள் வேண்டும். போதாததற்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வேறு. இளையராஜாவுக்கே ரோமனில் நான்கைந்து வடிவம் இருப்பதால் ஒரே மனிதர் ஒரே கார்டில் நான்கைந்து பேராகப் பிரிந்து கிடக்கிறார். விஸ்வநாதனா விசுவநாதனா என்ற சிக்கல் தமிழிலும் இல்லாமல் இல்லை. ஒன்றை முடிவு செய்து அதையே பின்பற்றினால் தீரும். வரிசைப்படுத்துவதற்கென்று தனிக் கட்டம் ஃப்ளாக்கிலும் புதிய ஐடி3யிலும் இருக்கிறது. ரோமன் வடிவம் அங்கே போகட்டும்.

பாட்டுகளை அடுக்குவதில் வரும் பழைய சண்டைக்கும் நம்மிடம் தீர்வு உண்டு. தேவாரத்தைப் பண்முறையாகவும் அடுக்கினார்கள், தலமுறையாகவும் அடுக்கினார்கள். பாடல்கள் அவையே, ஓதுவாருக்கு ஒரு வரிசை, ஊர் ஊராகத் தரிசிக்கப் போகிறவருக்கு இன்னொரு வரிசை. ஏட்டில் எழுதியவர்கள் இதற்கு இரண்டு சுவடி எழுத வேண்டியிருந்தது. டேக் சரியாக இருந்தால் ஒரே கோப்பு எல்லா வரிசையிலும் வந்து நிற்கும். படவாரியாக ஃபோல்டரா, இசையமைப்பாளர்வாரியாகவா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ரெக்கார்டிங் சென்டர் கேசட்டை மட்டும் படவாரியாகப் பிரித்துக் கலைக்கக் கூடாது. ஏ பக்கம், பி பக்கம், பாட்டு எண் என்று அதன் வரிசை அப்படியே இருக்கட்டும். அந்த வரிசையே ஒரு மனிதரின் ஆக்கம். அவர் பெயரை எங்கே எழுதுவது? எந்தத் தரநிலையிலும் அதற்கொரு கட்டம் இல்லை, ஆனால் ஃப்ளாக்கில் நாமே புதுக் கட்டம் உண்டாக்கிக்கொள்ளலாம். கட்டத்தின் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உள்ளே தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பாட்டைத் தேர்ந்தவர் யார், எந்த ஊர்க் கடையில் பதிந்தது, எந்த வருடம், டெல்லிக்கு எப்போது வந்தது என்ற நான்கும் அதில் வர வேண்டும். ஏழு பள்ளிகளிலும் கணினிப் பாடம் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு பருவத்துச் செய்முறைப் பணியாகக் கொடுக்கலாம். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து மதிப்பெண் போடலாம். மென்பொருள் இலவசம், கேசட் ஓட்டும் கருவி பள்ளிக்கு ஒன்று போதும். நரேலாவுக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதே கருவியை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் சொல்லித்தர வேண்டியது, நாடாவை ஓட்டுவதற்கு முன்பே கேசட்டின் அட்டையைப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, அதே ஃபோல்டரில் வைப்பது.